பெரியம்மா சாயவேயில்லை

கப்பலைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "பீரங்கி எங்க இருக்கு?" என்றுதான். இது போர்க்கப்பல் இல்லை, கடலை ஆராய்ந்த கப்பல் என்று சொன்னால் முகம் தொங்கிப் போகும். அடுத்த கேள்வி, கழிப்பறை எங்கே. அதற்கு மட்டும் உருப்படியான பதில் உண்டு. அதுவும் கப்பலில் இல்லை, துறைமேடையில், டிக்கெட் கொடுக்கும் அறைக்குப் பின்னால்.

கப்பலுக்கு அரசாங்கம் வைத்த பெயர் ஒன்று இருந்தது. யாரோ ஓர் அமைச்சரின் பெயர். அந்த மனிதர் அதில் ஒரு நாளும் காலெடுத்து வைத்ததில்லை. அதில் வேலை பார்த்தவர்கள் வாயில் அந்தப் பெயர் நுழையவும் இல்லை. அவர்களுக்கு அது பெரியம்மா. மெதுவாகப் போகும், ஓயாமல் முனகும், ஆனால் ஏறினவரைப் பத்திரமாக இறக்கிவிடும். ஒரே ஒருவரைத் தவிர எல்லோரையும் இறக்கிவிட்டது. அந்தக் கதைக்கு வருகிறேன்.

பெரியம்மா பிறந்ததே குளறுபடியில். மீன் பிடிக்கும் கம்பெனி ஒன்று கட்டச் சொல்லியிருந்தது. விலா எலும்பெல்லாம் எழும்பி நின்ற நேரத்தில் கம்பெனி திவால், ஆளைக் காணோம். பாதி உடம்போடு துருப்பிடித்து நின்றதை அரசாங்கத்தின் கடல் ஆய்வுத் துறை சல்லிசாக வாங்கிப் போட்டது. மீனைக் கொட்டி வைக்க இருந்த இடத்தில் ஆய்வுக்கூடம் வந்தது. வலையிழுக்க வைத்த வின்ச், அதாவது இரும்பு வடத்தைச் சுற்றி இழுக்கும் பெரிய எந்திரம், பின்தளத்திலேயே நின்றுவிட்டது. அந்த வடத்தில் வலைக்குப் பதிலாக நீளக் குழாய்களைக் கட்டி இறக்கினார்கள். குழாய் கடலடிச் சேற்றில் குத்தி, சேற்றோடு மேலே வரும். அதை நீளவாக்கில் பிளந்து வைத்துக்கொண்டு, எந்தக் காலத்தில் எரிமலை வெடித்தது, எந்தக் காலத்தில் ஆறுகள் வற்றின என்று விஞ்ஞானிகள் படிப்பார்கள். சேற்றைப் பார்த்தால் சாப்பாட்டை மறந்துவிடும் கூட்டம் அது. யாருக்கும் தெரியாத மலை ஒன்று தண்ணீருக்கடியில் இருப்பதைக் கண்டுபிடித்த அன்று, சமையல்காரர் வரைக்கும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஆடினார்கள். கரையில் அந்தச் செய்தியைப் பத்திரிகைக்காரர்கள் பல்வலி மருந்து விளம்பரத்துக்குக் கீழே போட்டார்கள்.

இந்தக் கப்பலில் இளைய எஞ்சினியராகச் சேர்ந்து, தலைமை எஞ்சினியராக ஓய்வு பெற்ற ஒருவரை எல்லோரும் ரசமட்டம் என்று கூப்பிட்டார்கள். சுவர் நேராக இருக்கிறதா என்று கொத்தனார் வைத்துப் பார்ப்பாரே, உள்ளே குமிழி ஓடும் கருவி, அதுதான். பட்டம் சும்மா வந்ததில்லை. ஆராய்ச்சிக் கப்பல் சாயக்கூடாது. ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்தாலும் ஆழத்தை அளக்க அனுப்பும் ஒலி கோணலாக இறங்கும், கடலடியில் இல்லாத பள்ளத்தை இருப்பதாகக் காட்டும். தலைமை விஞ்ஞானி அம்மாள் உடனே எந்திர அறைக்குப் போன் போடுவார். "உங்க கப்பல் கோணினா என் கடலே கோணிடுது. என்னன்னு பாருங்க" என்பார்.

கப்பல் சாய்வதற்கு நடுக்கடலில் காரணத்துக்கா பஞ்சம்? ஒரு பக்க எண்ணெய் சீக்கிரம் தீரும். சேற்றுக் குழாய்களை ஒரே பக்கமாக அடுக்கிவிடுவார்கள். கப்பலின் அடியில் இரண்டு பக்கமும் தண்ணீர்த் தொட்டிகள் உண்டு. இந்தப் பக்கத் தண்ணீரை அந்தப் பக்கம் மாற்றி ரசமட்டம் பெரியம்மாவை நிமிர்த்திவிடுவார். ஏன் சாய்ந்தது என்று கேட்கவே மாட்டார். கேட்க வேண்டிய தேவை வந்ததில்லை. மூக்கில் ஈ உட்கார்ந்தால் கை தானாகப் போகுமே, அந்த மாதிரி. வீட்டிலும் அதே புத்திதான். சுவரில் மாட்டிய படம் லேசாகச் சாய்ந்திருந்தால் மனிதருக்குச் சாப்பாடு இறங்காது.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம், "கப்பல்ல ஒரு பெரியம்மா, வீட்ல ஒரு அண்ணி. இதுக்கு மேல யார்கிட்ட திட்டு வாங்கணும்?" என்பார். அண்ணன் வீட்டு மாடியறையில் இருந்தார். அண்ணனுக்கும் அண்ணிக்கும் பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் மூன்று தட்டு, மூன்று நாற்காலி, ஊர்ப்பட்ட கேலிப் பேச்சு.

அண்ணன் அதே கப்பலில் வின்ச் ஓட்டியவர். ஒரு பயணத்தில், மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது, சேற்றுக் குழாய் மேலே வந்துகொண்டிருந்தது. பின்னாலிருந்து ஓர் அலை வந்து பின்தளத்தை வழித்துக்கொண்டு போனது. அலை வடிந்தபோது வின்ச் இருந்தது, குழாய் இருந்தது, அண்ணன் இல்லை. கீழே எந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ரசமட்டத்துக்கு, கப்பலைத் திருப்பச் சொல்லி உத்தரவு வந்தது. யாருக்காகத் திருப்புகிறோம் என்று தெரியாமலே திருப்பினார். பெரியம்மா அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. எண்ணெய் இடம் கொடுத்த வரைக்கும் சுற்றியது. பிறகு கரைக்குத் திரும்பியது. ஏறுபலகையில் முதலில் இறங்கி அண்ணியின் முன்னால் போய் நின்றவர் ரசமட்டம். தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு இன்றுவரை நினைவில்லை. அண்ணி கேட்டது நினைவிருக்கிறது.

"அவர் எப்ப தம்பி இறங்குவார்?"

உடல் கிடைக்கவில்லை. புதைக்கவோ எரிக்கவோ ஒன்றும் இல்லை, போய் நின்று அழ ஓர் இடமும் இல்லை. கடலில் இந்த இடம் என்று யார் கையைக் காட்டுவது? அண்ணிக்கு அண்ணன் போன இடம் என்று ஒன்று உண்டென்றால் அது பெரியம்மாவின் பின்தளம்தான். அங்கேதான் அவர் கடைசியாகக் காலூன்றி நின்றார்.

பெரியம்மா அதன்பிறகும் ஓடியது. விண்ணிலிருந்தே கடலை அளக்கும் காலம் வந்தது, புதிய கப்பல்கள் வந்தன, இதை ஓரங்கட்டினார்கள். உடைத்து இரும்பு விலைக்குப் போடுவதாக இருந்தது. பள்ளி ஆசிரியர்கள் சிலர் கையெழுத்து வேட்டை நடத்தி, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, அருங்காட்சியகமாக்க வைத்தார்கள். பழைய துறையொன்றின் உள்குளத்தில் கொண்டுவந்து கட்டினார்கள். மதகு போட்டு மூடிய குளம், அலை கிடையாது, தண்ணீர் ஏறாது, இறங்காது. துருவைச் சுரண்டி வெள்ளைப் பெயிண்ட் அடித்தார்கள். பக்கவாட்டில் கப்பல் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று காட்டும் எண்கள் இருந்தன. அவற்றின் மேலேயும் பெயிண்டை இழுத்து, அருங்காட்சியகத்தின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினார்கள். "அந்த நம்பர் அழகா இல்ல சார்" என்றான் பெயிண்டர். ரசமட்டம் முணுமுணுத்தார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவரைக் கப்பல் பராமரிப்புக்கு வைத்துக்கொண்டார்கள். அண்ணியை டிக்கெட் கொடுக்க வைத்ததும் அவர் பிடித்த பிடிதான். அதுவரை அண்ணி வீட்டை விட்டு வெளியே வந்தால் பெரிய விஷயம். இந்த வேலை வந்தபின் காலையில் தலை சீவி, இரண்டு டிபன் பாக்ஸ் கட்டி, கொழுந்தனுக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார். மதியம் அறையைப் பூட்டிவிட்டுப் பின்தளத்துக்குப் போய், வின்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்து சாப்பிடுவார். அழமாட்டார். அன்றைக்கு வந்தவர்கள் கேட்ட கோமாளிக் கேள்விகளை மெதுவான குரலில் சொல்லிக்கொண்டிருப்பார். யாரிடம் சொல்கிறார் என்று ரசமட்டத்துக்குத் தெரியும். அந்தப் பக்கம் போகமாட்டார்.

மேலாளர் ஒரு பெண். நல்ல பெண், குறை சொல்ல முடியாது. ஆனால் நாளொரு யோசனை. ஆட்கள் வருவது குறைந்தால் அவருக்கு ஜுரம் வந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் மீசை வைத்த பொம்மை விஞ்ஞானிகளை நிறுத்தினார். ஒருநாள் ஆரஞ்சுக் கோட்டு மாட்டிய பொம்மையொன்றை வின்ச் பக்கத்திலும் நிறுத்திவிட்டார். பாவம், அவருக்கு விஷயம் தெரியாது. அண்ணி அதைப் பார்த்தார். இறங்கிப் போய் டிக்கெட் அறைக்குள் விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்துவிட்டார். வெளியே வரிசை நீண்டுகொண்டே போனது. விஷயம் தெரிந்ததும் மேலாளர் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டு, பொம்மையைச் சமையலறைக்கு மாற்றி, தலையில் வெள்ளைக் குல்லாயை மாட்டினார். "இப்ப அவருக்குப் பதவி உயர்வு" என்று ரசமட்டம் சொல்ல, அண்ணி தலையைக் குனிந்துகொண்டு சிரித்துவிட்டார். அண்ணி சிரித்தால் அவருக்கு அன்றைய பொழுது போதும்.

அடுத்த யோசனை மீன் தொட்டி. ஆளுயரக் கண்ணாடித் தொட்டி, உள்ளே கலர் மீன்கள். கடல் கப்பல் என்றால் பிள்ளைகளுக்கு மீன் காட்ட வேண்டாமா என்றார் மேலாளர். அதைக் கீழ்த்தளத்தில் இடப்பக்கம் வைத்தார்கள். தரையில் அங்கே ஓர் இரும்பு மூடி உண்டு. அதைத் திறந்தால் கீழே காலி அறை, கப்பலின் அடித்தகடு தெரியும். சரியாக அதன் மேலேயே தொட்டி உட்கார்ந்தது.

"மூடியத் திறக்கணும்னா என்ன பண்றது?" என்று ரசமட்டம் கேட்டார்.

"எதுக்கு சார் திறக்கணும்? கப்பல் எங்க போகப் போகுது?"

நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. விட்டுவிட்டார்.

தொட்டி வந்த கொஞ்ச நாளில் பெரியம்மா இடப்பக்கம் சாய ஆரம்பித்தது. கண்ணுக்குத் தெரிகிற சாய்வு இல்லை. மாலுமி அறையில் கப்பலின் சாய்வைக் காட்டத் தொங்கும் ஊசி ஒரு மயிரிழை விலகியிருந்தது, அவ்வளவுதான். ரசமட்டத்துக்கு அது போதும். "கழுத்துல கல்லைக் கட்டினா யாருக்குத்தான் சாயாது" என்று மீன்களைப் பார்த்து முறைத்துவிட்டு வேலையில் இறங்கினார். பழைய மாதிரி தண்ணீரைப் பக்கம் மாற்ற வழியில்லை. பம்புகளுக்கெல்லாம் பளபளவென்று பெயிண்ட் அடித்து வேடிக்கைப் பொருளாக்கி வைத்திருந்தார்கள். அதனால் துறைமேடைக் குழாயிலிருந்து ரப்பர் குழாயை இழுத்து, கப்பலடியில் இருந்த வலப்பக்கத் தொட்டியில் நல்ல தண்ணீரை விட்டார். ஊசி நடுவுக்கு வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு போய்ச் சாப்பிட்டார்.

கொஞ்ச நாளில் ஊசி மறுபடி விலகியது. மேலாளர் பாசிக் கல்லும் சங்கும் வாங்கித் தொட்டியில் போட்டிருந்தார், அதனால்தான் என்று நினைத்தார். விட்டார் தண்ணீரை. பிறகு பக்கத்திலேயே பொம்மை விற்கும் கடை வந்தது. விட்டார் தண்ணீரை. விடுமுறைக் கூட்டம் எல்லாம் மீன் பக்கமே போய் நிற்கிறது. விட்டார். காரணம் ஒவ்வொரு தடவையும் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருந்தது. ஆண்டாண்டாக நிமிர்த்திப் பழகிய கைக்கு வேறென்ன தோன்றும்? உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட. ஓய்வு பெற்ற பிறகும் பெரியம்மாவுக்கு அவர் தேவைப்பட்டார்.

செங்குத்தாக இருந்த ஏறுபலகை நாளடைவில் சமமாகிவிட்டது. முழங்கால் வலிக்காரர்கள்கூட ஏற முடிந்தது. மேலாளர், துறைமேடை ஆட்கள் ஏதோ சரிசெய்திருக்கிறார்கள் என்று நினைத்தார். துறைமேடை ஆட்கள், அருங்காட்சியகம் ஏற்பாடு செய்தது என்று நினைத்தார்கள். அண்ணி, "நல்ல வேலை பண்ணினீங்க தம்பி, எனக்கே மூச்சு வாங்கல" என்றார். தான் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல ரசமட்டம் வாயெடுத்தார். அண்ணி பாராட்டுவது அபூர்வம், ஒன்றும் சொல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டார்.

அப்புறம்தான் துறைமுக அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. கப்பலைச் சர்வேயர் சோதிப்பார். உடம்பு திடமாக இருந்தால் தொடர்ந்து நிற்கலாம். இல்லையென்றால் உடைத்து அகற்ற வேண்டும்.

அன்று மாலை வீட்டுக்கு நடக்கும்போது வழக்கம்போல அண்ணி முன்னால் போனார். தெரு முனை வந்ததும் நின்றார்.

"உடைச்சிட்டா நான் எங்க தம்பி போவேன்?"

"யாரு உடைக்கிறது? நான் இருக்கிறப்போ?" என்றார் ரசமட்டம். "ஒரு குறை கண்டுபிடிக்கட்டும் பார்க்கலாம். ஊசி அசையாம நிக்கும்."

அண்ணி தலையாட்டினார். கொழுந்தன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற தலையாட்டல். அது அவர் நெஞ்சில் பாரமாக உட்கார்ந்தது.

சோதனை நாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் போய்விட்டார். பித்தளையைத் தேய்த்தார், கண்ணாடிகளைத் துடைத்தார். மாலுமி அறைக்குப் போனால் ஊசி விலகியிருந்தது. இத்தனை நாளில் இல்லாத அளவு விலகல். சர்வேயர் வந்து முதலில் பார்ப்பது இதைத்தானே? ஓடிப்போய்க் குழாயை மாட்டி, திருகை முழுசாகத் திறந்துவிட்டார். தொட்டி நிரம்பிக்கொண்டே இருந்தது. ஊசி நடுவுக்கு வரப்போன நேரத்தில், எங்கோ அடியில், முற்றிய மரக்கிளை முறிவது போல ஒரு சத்தம் கேட்டது. கட்டியிருக்கும் வடம் இறுகுகிறது என்று நினைத்தார். ஊசி நடுவில் நின்றது. திருகை மூடினார்.

சர்வேயர் அதிகம் பேசாத மனிதர். கருப்புக் கண்ணாடி, கையில் ஒரு சின்னச் சுத்தியல். தட்டுவார், காதை வைத்துக் கேட்பார், நகர்வார். கூட வந்த முக்குளிப்பவர் தண்ணீருக்குள் இறங்கினார். மேலாளர் பின்னாலேயே போய், எத்தனை பள்ளிகள் வருகின்றன, பிள்ளைகள் எப்படிக் குதூகலிக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். கீழ்த்தளத்துக்கு வந்ததும் சர்வேயர் மீன் தொட்டிக்கு முன்னால் நின்றார்.

"இதை நகத்துங்க."

தொட்டியைக் காலி செய்து, மீன்களை வாளிகளில் விட்டு, ஆட்களைக் கூப்பிட்டு நகர்த்தினார்கள். மூடியைத் திறந்தார்கள். காலியாக இருக்க வேண்டிய அறையில், மூடிக்குக் கொஞ்சம் கீழே, கருப்பாகத் தண்ணீர் நின்றது.

சர்வேயர் குனிந்து கையை விட்டுப் பார்த்தார்.

"இது நேத்து இன்னைக்கு வந்த தண்ணி இல்ல. மாசக்கணக்கா ஊறியிருக்கு" என்றார். "ஒரு பக்கம் இவ்வளவு தண்ணி ஏறினா கப்பல் அந்தப் பக்கம் சாஞ்சிருக்கணுமே. ஏறி இறங்குறவங்க யாருக்கும் தெரியலையா?"

"சாயவேயில்ல சார்" என்றார் மேலாளர். குரலில் இன்னும் பெருமை மிச்சமிருந்தது. "எங்க ரசமட்டம் சார் சாய விடமாட்டாரு. அப்பப்ப நிமித்திடுவாரு."

சர்வேயர் திரும்பினார். "எப்படி நிமித்துவீங்க?"

"வலப்பக்கத் தொட்டியில தண்ணி விடுவேன்."

"கரையிலேர்ந்தா?"

ரசமட்டம் ஆமென்று சொல்ல வாயைத் திறந்தார். அந்த ஒற்றைச் சொல் வெளியே வருவதற்குள் முழுசும் அவருக்கே புரிந்துவிட்டது. இடப்பக்கம் குளத்துத் தண்ணீர் ஏற ஏற, வலப்பக்கம் அவர் அதே அளவு ஏற்றியிருக்கிறார். சாய்வது ஒன்றுதான் பெரியம்மா தன் உடம்பில் ஓட்டை என்று சொல்லக்கூடிய வழி. காய்ச்சல் வந்த பிள்ளை அழும்போதெல்லாம் வாயில் மிட்டாயைத் திணித்திருக்கிறார்.

முக்குளிப்பவர் மேலே வந்து சொன்னது மிச்சத்தையும் முடித்துவிட்டது. பெரியம்மா அமிழ்ந்து அமிழ்ந்து, குளத்தின் அடியில் கிடந்த பழைய கல்மேடை மேல் நடு வயிறு உட்கார்ந்துவிட்டது. இரண்டு பக்கப் பாரத்திலும் முதுகுத் தண்டு, அடியில் நீளவாக்கில் ஓடும் இரும்பு, விட்டுப்போயிருக்கிறது.

"விரிசல் புதுசு சார். இரும்பு இன்னும் மின்னுது" என்றார் முக்குளிப்பவர். "துரு ஏறல. இன்னைக்குக் காலையில விட்டிருக்கும்."

சர்வேயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொடுமைக்காரர் இல்லை. ரசமட்டத்தைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய்த்தான் சொன்னார். "சாய விட்டிருந்தீங்கன்னா முதல் மாசமே தெரிஞ்சிருக்கும். ஒரு தகடு வெச்சு அடைக்கிற வேலை. இப்ப என்னால சாதகமா ஒண்ணும் எழுத முடியாது."

கப்பலை இழுத்துக்கொண்டு போகவும் முடியாது என்று ஆனது. நகர்த்தினால் இரண்டாகிவிடும். நின்ற இடத்திலேயே அறுப்பது என்று முடிவு செய்தார்கள்.

அண்ணி கேட்டது ஒன்றே ஒன்று. அந்த வின்ச்சை மட்டும் இறக்கிக் கரையில் வைக்க முடியுமா? கூரை வேண்டாம், பலகை வேண்டாம், மழையில் நின்றாலும் பரவாயில்லை. மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சர்வேயரிடம் ஓடினார். பின்தளத்திலிருந்து அவ்வளவு பாரத்தைத் தூக்கினால் முதுகு ஒடிந்த கப்பல் கிரேனோடு சேர்ந்து கவிழும், ஆட்கள் மேலே நிற்கவே அனுமதி இல்லை என்று பதில் வந்தது. அறுக்கிறவர்கள் கரையிலிருந்தும் மிதவையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து எடுப்பார்கள். வின்ச்சும் அப்படியே துண்டு துண்டாகப் போகும். அண்ணி அதைக் கேட்டுவிட்டு டிக்கெட் அறைச் சாவியை மேஜை மேல் வைத்தார்.

யார் செய்த வேலை இது என்று மேலாளர் மூச்சு விடவில்லை. நல்ல பெண் என்று சொன்னேன் இல்லையா. சர்வேயரும் பழைய கப்பல், இரும்பு களைத்துவிட்டது என்று பொதுவாக முடித்துக்கொண்டார். ரசமட்டம் வாயை மூடிக்கொண்டிருந்தால் விஷயம் அத்தோடு போயிருக்கும்.

வீட்டில் அண்ணி திட்ட ஆரம்பித்தார். அண்ணன் போனதிலிருந்து உரக்கப் பேசாத அண்ணி, சர்வேயரை வறுத்தெடுத்தார். "கருப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டா அவனுக்கு எல்லாம் தெரிஞ்சிடுமா? சுத்தியல வெச்சுத் தட்டித் தட்டியே ஒடச்சிருப்பான்." மேலாளரையும் விடவில்லை. "மீன் காட்டுறாளாம் மீன். சந்தைக்குப் போனா பார்க்க முடியாத மீனா?" பாத்திரங்கள் சத்தம் போட்டன. திட்டிக்கொண்டே இரண்டாம் தடவை போட்டுச் சாப்பிட்டார். முகத்தில் இரத்தம் ஓடியது. அண்ணன் போனபோது திட்ட ஆள் கிடைக்கவில்லை, அலையை யார் திட்டுவது? இப்போது கிடைத்துவிட்டது. பார்க்கப் பார்க்க ரசமட்டத்துக்கு, அண்ணி பிழைத்துக்கொள்வார் போலத்தான் இருந்தது.

அதை அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் மனிதரின் புத்தி தெரியுமே. உள்ளே ஒன்று கோணலாகக் கிடக்க, அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு நாள் மென்று விழுங்கினார். மூன்றாம் நாள் மாலை, அண்ணி துணி மடித்துக்கொண்டே சர்வேயரின் பரம்பரையை இழுத்துக்கொண்டிருந்தபோது, எதிரில் போய் நின்றார்.

"அண்ணி, அந்த மனுஷன் மேல தப்பில்ல."

"பின்ன யார் மேல?"

சொன்னார். ஊசி, ரப்பர் குழாய், வலப்பக்கத் தொட்டி, சோதனை நாள் காலையில் கேட்ட சத்தம், எல்லாவற்றையும் சொன்னார். குறைத்துச் சொல்லவில்லை. சொல்லி முடித்தபோது நெஞ்சு கொஞ்சம் லேசாகியிருந்தது. அதற்காகப் பின்னால் தன்னையே காறித் துப்பிக்கொண்டார்.

அண்ணி கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தார். அது ரசமட்டத்தின் சட்டைதான். அடுக்கின் மேல் வைத்தார்.

"இத ஏன் என்கிட்ட சொன்னீங்க?"

"உங்களுக்குத் தெரியணும்னுதான்..."

"எனக்கு எதுக்குத் தெரியணும்? அந்தச் சர்வேயரைத் திட்டிக்கிட்டு இருந்தேன். அந்தப் பொண்ணைத் திட்டிக்கிட்டு இருந்தேன். அவங்க யாரோ, எங்கேயோ இருக்கிறவங்க. சாகுற வரைக்கும் திட்டிட்டு இருந்திருப்பேன்." குரல் ஏறவேயில்லை. "இனிமே உங்க மேலதானே கோவப்படணும். எனக்குன்னு இருக்கிறது நீங்க ஒருத்தர்தான். அதையும் எடுத்துக்கிட்டீங்களே."

"திட்டுங்க அண்ணி. என்ன வேணா சொல்லுங்க."

"திட்டிட்டா தீந்துடும்னு நினைக்கிறீங்க. உங்களுக்கு எல்லாம் உடனே சரியாயிடணும்."

அண்ணி எழுந்து துணி அடுக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அவருடைய சட்டைகளை மாடிப்படியின் முதல் படியில் வைத்துவிட்டுப் போனார். எப்போதும் மேலே கொண்டுவந்து வைப்பது வழக்கம்.

அடுத்த வாரம் கப்பலை அறுக்க ஆரம்பித்தார்கள். அண்ணி பார்க்கப் போகவில்லை. ரசமட்டம் ஒரு தடவை போனார், கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். வெள்ளைப் பெயிண்டுக்கு உள்ளே பெரியம்மா முழுக்கச் சிவப்பாக இருந்தது. திரும்பி வந்துவிட்டார்.

வீட்டில் சண்டை இல்லை. யாரும் கதவை அறைந்து சாத்தவில்லை. சோறு நேரத்துக்கு வெந்தது, துணி துவைத்து முதல் படிக்கு வந்தது. அக்கம்பக்கத்தார் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. மதியமானால் அண்ணி சமையலறை வாசலுக்கு வந்து ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொல்வார்.

"சாப்பாடு எடுத்து வெச்சிருக்கு."

தம்பி என்ற சொல் அதில் இல்லை. வாங்க என்றோ, சாப்பிடுங்க என்றோ இல்லை. அறையில் அவர் ஒருவர்தான் இருப்பார், அதனால் அவருக்குத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். "சரிங்க அண்ணி" என்பார் ரசமட்டம். பதில் வராது. துறைப் பக்கமிருந்து இரும்பை அறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். அவர் உட்கார்ந்து, போட்டு வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, தட்டைத் தானே கழுவி வைப்பார்.